ஒரே மணலில் அடும்பும் ஆமையும்

அகநானூற்றின் 160ஆம் பாடலில் ஓர் ஆமை கரையேறி வருகிறது. வயிறு நிறைய முட்டை சுமந்த ஆமை. வழியில் படர்ந்து கிடக்கும் அடும்புக் கொடியைச் சிதைய இழுத்துப் போடுகிறது; கழிக்கரையில் குவிந்த வெண்மணல் ஓரம் குழி தோண்டி, முட்டையிட்டு, மறைத்துப் புதைக்கிறது. "கோட்டு வட்டு உருவின் புலவுநாறு முட்டை" என்கிறார் பாடிய குமுழி ஞாழலார் நப்பசலையார். தந்தத்தில் கடைந்த வட்டுக்காய் போல உருண்ட, புலால் நாறும் முட்டை. ஆமை முட்டைக் குழியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். பாடியவரோ அவருக்குச் சொன்னவரோ அதை நேரில் முகர்ந்திருக்க வேண்டும்.

ஒரு செய்தியில் மட்டும் பாடல் உண்மையிலிருந்து விலகுகிறது. குஞ்சு பொரிக்கும்வரை முட்டைகளை 'கணவன்', அதாவது ஆண் ஆமை, காத்திருப்பதாகச் சொல்கிறது. ஆண் கடலாமை குஞ்சாகக் கடலில் இறங்கியபின் பொதுவாக மீண்டும் கரைக்கு வருவதே இல்லை. பெண்ணும் மணலை மூடியதும் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். தலைவன் மீது தலைவி வைத்த நம்பிக்கைக்குப் பொருத்தமாக வந்த கற்பனை அது. மற்ற எல்லாம், குறிப்பாக "அடும்பு கொடி சிதைய" என்ற அந்தச் சிறு விவரம், இன்றைக்கும் கண்ணால் பார்க்கக்கூடியது. தை, மாசி மாத விடியலில் கடற்கரையில் நடந்தால் டிராக்டர் சக்கரம் போன ஈரத்தடம் ஒன்று அலையிலிருந்து மேலேறி வந்திருக்கும். அதன் முடிவில் மணல் கிளறிக் கிடக்கும். பக்கத்தில் நாலைந்து அடும்பு இலைகள் பிய்ந்து தலைகீழாகக் கிடக்கும்.

ஆமையையும் கொடியையும் ஒப்பிட்டு எழுதுவது முதலில் விசித்திரமாகத் தோன்றலாம். ஒன்று கடல் கடந்து திரியும் ஊர்வன. மற்றொன்று வேரூன்றி நிற்கும் செடி. ஆனால் இரண்டின் வாழ்வும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. கடல் ஓதம் ஏறும் கோட்டுக்கும் முதல் மணல்மேட்டுக்கும் நடுவே, பல இடங்களில் சில பத்து மீட்டர் அகலமே உள்ள மணல் கீற்று அது. உப்பு, வெயில், காற்று, நிலையில்லாத தரை என்று அங்கே நாலு பக்கமும் நெருக்கடி. அதே நெருக்கடிக்கு இந்த இரண்டு உயிர்களும் எதிரெதிரான விடைகளைக் கண்டுபிடித்திருக்கின்றன.

முதலில் ஆள் அடையாளம். இந்தியக் கடல்களில் ஐந்து வகைக் கடலாமைகள் உண்டு. தமிழ்நாட்டுக் கரையில் அதிகம் முட்டையிடுவது, பங்குனியை ஒட்டி வருவதால் பங்குனி ஆமை என்று பெயர் பெற்ற சிறிய ஆமை. அறிவியல் பெயர் லெபிடோகெலிஸ் ஒலிவேசியா. ஓடு ஏறக்குறைய 60 முதல் 70 செ.மீ. நீளம், வளர்ந்தது 40 கிலோவை ஒட்டி இருக்கும். கடலாமைகளில் இதையும் இதன் நெருங்கிய உறவான கெம்ப் ஆமையையும் விடச் சிறியது கிடையாது.

அடும்புக்குப் பல பெயர்கள். அடம்பு, அடப்பங்கொடி, ஆட்டுக்கால் கொடி; ஈழத்தில் அடம்பன் கொடி. அறிவியல் பெயர் ஐபோமியா பெஸ்-காப்ரே. பெஸ்-காப்ரே என்றால் இலத்தீனில் ஆட்டின் கால். இலை நுனியில் பிளந்து குளம்புபோல் இருப்பதைப் பார்த்து லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் அது. குறுந்தொகை 243இல் அதே இலை "மானடி அன்ன கவட்டிலை" என்று வருகிறது. ஐரோப்பியருக்கு ஆடு தெரிந்தது, நெய்தல் பாடியவருக்கு மான் தெரிந்தது. இருவர் கண்ணிலும் பட்டது ஒரே பிளவு. அதே பாடல் பூவை "தார்மணி அன்ன ஒண்பூ" என்கிறது. குதிரைக் கழுத்து மாலையில் கட்டும் மணி போன்ற பூ. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த அந்தப் பூ காலையில் விரிந்து பிற்பகலுக்குள் சுருண்டுவிடும். ஒரு பூவுக்கு ஒரே நாள்தான்.

சதைப்பற்றுத் தாவரம் என்றதும் நமக்குக் கள்ளியும் கற்றாழையும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை மழையில்லாக் காலத்துக்காக நீரைச் சேமிப்பவை. கடற்கரைச் செடிகள் தடிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உப்பு மண்ணில் வேர் உறிஞ்சும் நீரோடு உப்பும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதை இலைச் செல்லின் நடுவில் உள்ள குமிழறைக்குள் பூட்டி, கூடவே நிறைய நீரைச் சேர்த்து நீர்க்கச் செய்துவிட்டால் செல்லின் மற்ற வேலைகள் கெடுவதில்லை. நீர் கூடக்கூட இலை தடிக்கும். உமரியும் வங்காரவள்ளையும் இதில் உச்சத்தைத் தொட்டவை. அவற்றின் இலையைக் கிள்ளினால் நீர் கசியும். அடும்பு அந்த அளவுக்குப் போவதில்லை. அதன் இலை தடித்து, தோல்போல் விறைத்து, மேலே மெழுகு பூசினாற்போல் இருக்கும். கிள்ளினால் பால் வடியும். உச்சி வெயிலில் நடுநரம்பை ஒட்டி இலையின் இரண்டு பாதிகளும் மேல்நோக்கி மடிந்துகொள்வதைப் பார்க்கலாம். வெயில் படும் பரப்பைக் குறைக்கும் உபாயம்.

ஆமைக்கும் அதே உப்புதான் சிக்கல். கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 விழுக்காடு. ஆமையின் இரத்தத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கலாம். இரை விழுங்கும்போதெல்லாம் கடல்நீரும் உள்ளே போகிறது. ஊர்வனவற்றின் சிறுநீரகத்தால் கடல்நீரைவிட அடர்த்தியான சிறுநீரை உண்டாக்க முடியாது. அதனால் அந்த வேலையைக் கண்கள் எடுத்துக்கொண்டன. கண்ணீர்ச் சுரப்பியே உப்புச் சுரப்பியாக மாறியிருக்கிறது. சில கடலாமைகளில் அது மூளையைவிடப் பெரியது. அதில் சுரப்பது கடல்நீரைவிட ஏறத்தாழ இரு மடங்கு உப்பான நீர். முட்டையிடும் ஆமையின் கண்ணில் கோழை போல வழிவதைப் பார்த்து, பிரசவ வேதனையில் அழுகிறது என்று கரையில் நிற்பவர்கள் சொல்வதுண்டு. கடலுக்குள்ளும் அது இடைவிடாமல் வழிகிறது, அங்கே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. கொடி உப்பை வீட்டுக்குள்ளேயே ஓர் அறையில் பூட்டி வைக்கிறது. ஆமை வாசலுக்கு வெளியே கொட்டுகிறது. நகர முடியாததற்கும் நகர முடிந்ததற்கும் உள்ள வேறுபாடு இதில் துலக்கமாகத் தெரிகிறது என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் 'நகர முடியாத' கொடி ஆமையைவிடப் பரவலாக உலகைச் சுற்றி வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வெப்பமண்டலக் கடற்கரை எங்கெல்லாம் உண்டோ அநேகமாக அங்கெல்லாம் அடும்பு உண்டு. பூ வாடியபின் உருளும் காயில் நான்கு விதைகள். ஒவ்வொன்றும் கறுப்பு கலந்த பழுப்பில், வெல்வெட்போல் மயிர் போர்த்தியது. ஓடு நீர் புகாதது. உள்ளே காற்று தங்கும் இடம் இருப்பதால் மிதக்கும். மாதக்கணக்கில் கடலில் மிதந்த பிறகும் முளைக்கும் திறன் போகாது. வேறொரு கரையில் ஒதுங்கி, அங்கே மணலோடு மணலாய் உராய்ந்து ஓடு தேய்ந்தபின்தான் நீர் உள்ளே புகுந்து முளை வரும். கடலில் மிதக்கையில் முளைத்துவிட்டால் சாவுதான். மணல் பட்டுத் தேயும்வரை திறக்காத பூட்டு என்பதால், கரை சேர்ந்ததை விதை தன் தோலாலேயே அறிந்துகொள்கிறது.

ஆமைக் குஞ்சின் பயணம் இதற்கு நேர்மாறு. அது கரையில் பிறந்து கடலுக்கு ஓட வேண்டும். ஒரு குழியில் ஏறக்குறைய 100 முட்டைகள்; 45 முதல் 60 நாளில் பொரிந்து, குஞ்சுகள் ஒன்றாக மணலைக் கிளறிக்கொண்டு பெரும்பாலும் இரவில் மேலே வரும். மேற்பரப்பு மணலின் சூடு இறங்கியதே அவற்றுக்கு இரவு என்பதற்கான அடையாளம். வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். ஊர் விளக்கு இல்லாத கரையில் நிலவும் விண்மீனும் பிரதிபலிக்கும் கடல்தான் அந்தத் திசை. மணல்மேடும் அதன் மேல் செடிகொடிகளும் முதுகுப் பக்கம் கறுப்பாக நிற்கும். இந்தக் கறுப்பிலிருந்து விலகி அந்த வெளிச்சத்துக்கு ஓடுவது என்பதே அவற்றுக்குத் தெரிந்த வழி. கடலில் இறங்கியதும் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவின் பலத்தில் ஒரு நாளுக்கு மேல் ஓயாமல் நீந்தும். பருவத்துக்கு வந்து முட்டையிடத் திரும்பப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆயிரத்தில் ஒன்று தேறும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

பிறந்த கரைக்கே திரும்பும் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். பூமியின் காந்தப்புலத்தைத் திசைக்கருவியாகக் கொண்டு பிறந்த கரையோரப் பகுதியைக் கண்டடைகிறது. ஆனால் பங்குனி ஆமை அவ்வளவு கட்டுப்பெட்டியல்ல. 2021இல் ஒடிசாக் கரையில் எண் பட்டை பூட்டப்பட்ட ஓர் ஆமை 2025 ஜனவரியில் மகாராட்டிரத்தின் குகாகர் கரையில் முட்டையிட்டது. வங்காள விரிகுடாவிலிருந்து அரபிக்கடலுக்கு, இலங்கையைச் சுற்றிக்கொண்டோ பாக் நீரிணை வழியாகவோ வந்திருக்க வேண்டும்.

இனப்பெருக்கத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையானது. ஒடிசாவின் ருசிகுல்யா முகத்துவாரத்தில் 2025இல் சில நாட்களுக்குள் ஏறத்தாழ 7 லட்சம் பங்குனி ஆமைகள் கரையேறின. நரி, நாய், காகம், நண்டு எல்லாம் சேர்ந்து தின்றாலும் தின்று தீராத அளவுக்கு ஒரே சமயத்தில் கொட்டிவிடுவது அந்த உத்தி. பின்னால் வரும் ஆமைகள் முன்னே இட்ட முட்டைகளைத் தோண்டி எறிவதும் அதில் அடக்கம். தமிழ்நாட்டுக் கரைக்கு வருபவை தனித்தனியாகத்தான் வருகின்றன. அடும்போ ஆண்டு முழுக்க, ஒவ்வொரு நாளும் சில பூக்களைத் திறந்துகொண்டே இருக்கும். காவலுக்கும் ஆள் வைத்திருக்கிறது. இலைக்காம்பிலும் புல்லிதழிலும் சிறு தேன் சுரப்பிகள் உண்டு. அந்தத் தேனுக்கு வரும் எறும்புகள் பூவையும் காயையும் கடிக்க வரும் பூச்சிகளை விரட்டும். முட்டையைக் காக்கும் கணவன் ஆமைக்கு வாய்க்கவில்லை; அடும்புக்கு எறும்பு வாய்த்தது.

மணலின் சூடு ஆமைக்கு இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. குழியின் வெப்பம் ஏறக்குறைய 30 டிகிரிக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் கூடும். கீழே இறங்கினால் ஆண் கூடும். முட்டைக்குள் ஆண், பெண் என்று முன்னரே எழுதப்பட்டிருப்பதில்லை. கரையில் எங்கே தோண்டினோம், எந்த மாதம் தோண்டினோம், மேலே நிழல் விழுந்ததா என்பதெல்லாம் அடுத்த தலைமுறையில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதில் போய் முடிகிறது. பூமி சூடாகும் காலத்தில் இது கவலையளிக்கும் செய்தி.

இனி, கொடியும் ஆமையும் நேரடியாக ஒன்றுக்கொன்று என்ன செய்கின்றன? பலரும் நினைப்பதுபோல் அது முழு நட்பல்ல.

கொடி செய்யும் நன்மை முதலில். அடும்பின் தண்டு பத்து மீட்டரைத் தாண்டியும் ஓடும். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடிக்கும். காற்று தூக்கி வரும் மணல் இலைகளில் மோதி வேகம் இழந்து அங்கேயே விழும். கொடி அதற்கு மேலே ஏறி மறுபடி வேர்விடும். இப்படியே எக்கர் எனும் மணல்மேடு உயர்கிறது. பின்வரிசையில் இராவணன் மீசைப் புல் சேர்ந்துகொள்ளும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று ஈழத்தில் ஒரு பழமொழி உண்டு. ஒற்றுமைக்குச் சொல்வது என்றாலும், அடிப்படையில் அது மணல்மேட்டைப் பார்த்தவர் சொன்ன பழமொழி. தனிக்கொடியை ஒரு கையால் பிய்த்துவிடலாம். திரண்ட படர்ப்பைப் புயல் அலையாலும் எளிதில் அரித்துவிட முடியாது. அந்த மேடு இல்லாவிட்டால் ஆமையின் குழி ஓதத்தில் மூழ்கி முட்டை அழுகும். ஆமைக்குத் தேவையான கரையைக் கட்டித் தருவது இந்தக் கொடிதான்.

ஆனால் குழிக்கு மேலேயே கொடி படர்ந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. கரீபியனின் செயின்ட் குரோய் தீவில் தோணி ஆமைகளின் முட்டைக்குழிகளை ஆராய்ந்தபோது, அடும்பு வேர் புகுந்த குழிகளில் பொரிப்பும் குஞ்சுகள் வெளியேறுவதும் குறைவது தெரிந்தது. வேர் முட்டைகளைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும், ஈரத்தை உறிஞ்சும், சில சமயம் குஞ்சுகள் வலையில் மாட்டியதுபோல் சிக்கும். ஆமை கொடியைப் பிய்த்து எறிவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அது கொடிக்குப் பின்னால், மேட்டின் உச்சிக்குப் போவதில்லை; கொடிப் படர்ப்பின் முன்விளிம்பில், திறந்த மணலில் இடம் பார்க்கிறது. விளிம்பைத் தாண்டினால் வேர், விளிம்புக்கு முன்னே அலை. இரண்டுக்கும் நடுவில் எங்கே தோண்டுவது என்பது அந்த இரவில் அது எடுக்கும் முடிவு.

கடனைத் திருப்பிக் கொடுக்கும் வழியும் உண்டு. பொரியாத முட்டை, ஓடு, வெளியே வர முடியாமல் இறந்த குஞ்சு எல்லாம் மணலிலேயே தங்கிவிடுகின்றன. புளோரிடாவில் பெருந்தலை ஆமைக் குழிகளை வைத்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், முட்டைகளோடு கரைக்கு வந்த சத்தில் குஞ்சுகளாகக் கடலுக்குத் திரும்புவது பாதிக்கும் குறைவு என்று கண்டார்கள். மிச்சம் கரையில் தங்குகிறது. கடற்கரை மணலில் தழைச்சத்து மிகக் குறைவு. ஆழ்கடலில் நண்டும் இறாலும் சொறி எனும் ஜெல்லிமீனும் தின்று ஆமை சேர்த்த சத்து, மணல்மேட்டுச் செடியின் இலையாகிறது. சொறி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சொறி பட்டு எரியும் இடத்தில் அடும்பு இலையைக் கசக்கித் தேய்ப்பது பல நாட்டுக் கடற்கரைகளில் உள்ள பழக்கம். தாய்லாந்து ஆய்வாளர்கள் அந்த இலைச்சாற்றைச் சோதித்து, சொறி நஞ்சின் சில விளைவுகளை அது தணிப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஆமை சொறியைத் தின்று குறைக்கிறது, கொடி அதன் எரிச்சலைக் குறைக்கிறது. இரண்டும் கடலில் இறங்குகிறவர்களுக்குச் செய்யும் உதவி.

சென்னைக் கரையில் ஆமை முட்டைகளைக் காக்கும் முயற்சி 1970களிலேயே தொடங்கிவிட்டது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் பருவந்தோறும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடக்கிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. குழியைக் கண்டால் முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள், உருட்டாமல், எடுத்துப் போக வேண்டும். நேரம் கடந்தால் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். பிறகு புரட்டினால் அது செத்துவிடும். இதைத் தெரிந்து, தூக்கத்தை விட்டு, ஆண்டுக்காண்டு செய்கிறவர்கள் மீது எனக்குப் பெரும் மரியாதை. ஆனாலும் முட்டையை எடுத்துப் போக வேண்டிய நிலை ஏன் வந்தது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. விளக்குகள் குஞ்சுகளைச் சாலைப் பக்கம் இழுக்கின்றன, நாய்கள் தோண்டுகின்றன, கரை குறுகிவிட்டது. அடும்பு இருந்த இடத்தில் நடைபாதை வந்துவிட்டது. கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று கொடியையும் சேர்த்து வாரிப்போகும் இடங்களும் உண்டு. களை என்று நினைக்கிறார்கள்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரம் சவுக்கு நடுவது வேகம் பிடித்தது. பாதுகாப்பு என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அலைக்கு மிக அருகே நெருக்கமாக நட்ட சவுக்கின் அடியில் ஊசி இலைகள் மெத்தைபோல் குவிந்துவிடும். அந்த நிழலில் வெயில் விரும்பும் அடும்பு தழைப்பதில்லை. ஆமைக்கும் திறந்த மணல் குறுகி, ஓதம் ஏறும் இடத்திலேயே முட்டையிட வேண்டி வருகிறது. மரம் நடுவதா வேண்டாமா என்பதல்ல இங்கே கேள்வி. எங்கே நடுவது என்பதுதான். முதல் வரிசை கொடிக்கும் புல்லுக்கும் உரியது. மரத்துக்கு அதற்குப் பின்னால் நிறைய இடம் இருக்கிறது.

கரையை மட்டும் சரிசெய்தாலும் ஆமைக்குப் போதாது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. பலவற்றின் கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தன. நீருக்குள் மூச்சு முட்டியதன் அறிகுறி. ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு. இழுவை மடி வலையில் சிக்கி மேலே வர முடியாமல் நெடுநேரம் இழுபட்டால் நம்மைப் போலவே மூழ்கிச் சாகும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். மீன்களின் இனப்பெருக்கத்தை எண்ணி வகுத்தது. ஆமைகள் கரையை ஒட்டித் திரள்வதோ ஜனவரி முதல் மார்ச் வரை. வலையின் கழுத்தில் கம்பித் தடுப்பு ஒன்றைச் சாய்வாகப் பொருத்தினால் இறால் கம்பிகளுக்கு இடையே பின்னால் போகும். ஆமை தடுப்பில் மோதி மேல்திறப்பு வழியாக வெளியேறும். அதே வழியில் நல்ல மீனும் போய்விடும் என்பது படகுக்காரர்களின் மனக்குறை. டீசல் விலையும் கூலியும் ஏறிய காலத்தில் அது அலட்சியப்படுத்தக்கூடிய குறையல்ல. அந்த இழப்பை ஈடுசெய்யாமல் சட்டத்தை மட்டும் நீட்டினால் தடுப்பு கரையிலேயே கிடக்கும்.

அடும்புக்கு இத்தனை சிக்கல் இல்லை. இடம் விட்டால் வந்துவிடும். வேலி போட்டு ஆள் நடமாட்டத்தைத் தடுத்த மணலில் அது தானாகவே கால் வைக்கும். விதை ஒதுங்க வேண்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. கணுவோடு ஒரு துண்டுத் தண்டு ஈரமணலில் புதைந்தால் போதும், வேர்பிடித்துவிடும். நப்பசலையாரின் ஆமை இழுத்துச் சிதைத்த கொடியும் அப்படித்தான். குழியை மூடும்போது ஆமை பின்னங்கால்களால் தள்ளும் மணல், பிய்ந்து கிடக்கும் தண்டுகள் மேலும் விழுகிறது. முட்டைகள் பொரிய மாதம் ஒன்றரை ஆகும். அதற்குள் அந்தத் துண்டுகளில் சில புது இலை விட்டு ஓடத் தொடங்கியிருக்கும்.